கனாப் புத்தகத்தின் கடைசிப் பக்கம்

அந்த நாட்களில் பாடாங் செராய் ஊரே கனவில்தான் சாப்பிட்டது. விழித்திருக்கும்போது ஊபி. மரவள்ளிக்கிழங்கைத்தான் சொல்கிறேன். அவித்த ஊபி, சுட்ட ஊபி, ஊபி மாவில் தட்டிய ரொட்டி. கண்ணை மூடினால் சோறு. பானையில் பொங்கி வழியும் சோறு, வாழையிலையில் ஆவி பறக்கும் சோறு, மேலே ஒரு கரண்டி நெய்கூட. காலையில் குழாயடியில் பெண்கள் "என்ன சமைச்ச?" என்று கேட்பதை விட்டுவிட்டார்கள். "என்ன கனாக் கண்ட?" என்றுதான் கேட்பார்கள். விருந்துக் கனவு கண்டவளைப் பார்த்து மற்றவர்களுக்கு வயிற்றெரிச்சல். எனக்கும் இருந்தது.

ஆகவே ராமையா வாத்தியார் கனவுகளுக்குப் பலன் சொல்லும் புத்தகம் ஒன்றை எழுதிக்கொண்டு எங்கள் அச்சகத்துக்கு வந்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அவர் பாடாங் மேஹா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். ஜப்பான்காரன் வந்ததும் பிள்ளைகளுக்கு ஜப்பான் பாட்டுச் சொல்லித்தரச் சொன்னார்கள். அவருக்குத் தமிழ்ப் பாட்டே ராகத்தில் வராது. வேலை போய்விட்டது. சும்மா உட்காரத் தெரியாத மனுஷர். ஊர் முழுக்கக் கனவாகவே கிடக்கிறதே, அதற்காவது ஓர் ஒழுங்கு வேண்டாமா என்று உட்கார்ந்து எழுதிவிட்டார்.

அச்சகம் ஜைனல் ராவுத்தருடையது. கடைத்தெருவின் கோடியில் ஒரு பலகை வீடு, அதற்குள் காலால் மிதித்து ஓட்டும் ஒரு மெஷின், சுவரோரமாக எழுத்துப் பெட்டிகள். நான் அச்சுக் கோர்ப்பவள். பெண்பிள்ளை அச்சுக் கோர்ப்பதா என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் பதில் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன். அந்த வேலை எங்கள் வீட்டுக்காரருடையது. கல்யாணமான புதிதில் மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய் வைத்துவிட்டு, அவர் விரல் போகிற வழியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எந்தக் குழியில் எந்த எழுத்து என்பது எனக்குத் தெரியாமலே எனக்குப் பாடமாகிவிட்டது.

ஒரு நாள் அவர் அச்சு மை வாங்கக் கூலிம் போனார். மை டின் மட்டும் பஸ்ஸில் திரும்பி வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று ஜப்பான்காரன் சாலையில் லாரியை நிறுத்தி, கண்ணில் பட்டவர்களையெல்லாம் ஏற்றியிருக்கிறான். ஏறும்போது இவர் டின்னை யாரோ ஒருவரிடம் கொடுத்து, "ராவுத்தர்கிட்ட சேத்துடுங்க, மூடி லூசா இருக்கு, சாய்ச்சிடாதீங்க" என்றாராம். மைக்கு அவ்வளவு பத்திரம் சொன்னவருக்கு எனக்கென்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பத் தோன்றவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. டின் வந்த அன்று அழுதுகொண்டே அச்சகத்துக்குப் போனவள், அவர் நின்ற இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

அப்புறம் ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் கெடா மாநிலத்தையே ஜப்பான்காரன் சயாமுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான். காலையில் எழுந்தால் நாங்கள் இருப்பது சயாம். அதே ரப்பர் மரம், அதே சேறு, அதே ஊபி. ஊரில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அவரும் சயாமில், நானும் சயாமில். ஒரே வீட்டில் வேறு வேறு அறையில் இருக்கிற மாதிரி. பைத்தியக்கார நினைப்பு என்று எனக்கே தெரியும். தெரிந்தால் மட்டும் நினைப்பு வராமல் இருக்குமா?

வாத்தியாரின் கைப்பிரதியைப் பிரித்ததும் ராவுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஒவ்வொரு பலனுக்கும் பின்னால் சதுர அடைப்புக்குள் ஓர் எண் இருந்தது. 'பாம்பு துரத்தக் கண்டால் பகை விலகும் [3].' 'சோறு உண்ணக் கண்டால் நற்செய்தி வரும் [5].' கடைசிப் பக்கத்தில் அந்த எண்களுக்கு உரிய புத்தகங்களின் வரிசை. மூன்றாவது நாகப்பட்டினத்தில் அச்சான ஒரு கனாப் புத்தகம், ஐந்தாவது காரைக்காலில் அச்சானது, இப்படியே பதினொன்று வரை. எந்தப் பலன் எந்தப் புத்தகத்தில் இருந்து எடுத்தது என்பதற்கு அந்த எண் அடையாளம்.

"வாத்தியாரே, கனவுக்கு எதுக்கு சாட்சி? நாம என்ன கோர்ட்டுக்கா போறோம்?" என்றார் ராவுத்தர்.

"சாட்சி வேணும் ராவுத்தரே. நானாக் கதை கட்டி விடல. ஒவ்வொண்ணும் புஸ்தகத்துல இருக்கு. எங்கேருந்து எடுத்தேன்னு சொல்லாம எழுதுறவன் திருடன்."

"அந்தப் புஸ்தகமெல்லாம் இப்ப எங்க?"

வாத்தியார் முகம் சுருங்கிவிட்டது. ஜப்பான்காரன் வந்த புதிதில், வீட்டில் புத்தகம் இருந்தாலே பிடித்துக்கொண்டு போவான் என்று வதந்தி. அவர் எல்லாவற்றையும் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வாழைக்கூட்டத்தின் நடுவில் புதைத்துவிட்டார். தோண்டிப் பார்த்தபோது டின் துருப்பிடித்து ஓட்டையாகி, உள்ளே கறையான் மண்தான் இருந்திருக்கிறது. "எல்லாம் இங்க இருக்கு" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

இல்லாத புத்தகங்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, இல்லாத சோற்றுக்குப் பலன் சொல்லும் புத்தகம். எனக்குப் பிடித்துப் போயிற்று. துரை ஓடிப்போன தோட்ட ஆபீஸிலிருந்து ராவுத்தர் பழைய கணக்குத் தாள்களை மூட்டையாக வாங்கி வந்தார். ஒரு பக்கம் இங்கிலீஷில் ரப்பர்ப் பால் கணக்கு, மறு பக்கம் வெள்ளை. வெள்ளைப் பக்கத்தில் கனவுகளை அடித்தோம்.

தண்ணீர்க் கனவுகள் வரும் பக்கத்தைக் கோர்க்கும்போது என் கை நின்றுவிட்டது. எனக்கும் ஒரு கனவு உண்டு. ஒரே கனவுதான், திரும்பத் திரும்ப வரும். ஓர் ஆறு. தண்ணீர் ரப்பர்ப் பால் மாதிரி வெள்ளை. இடுப்பளவுத் தண்ணீரில் அவர் நிற்கிறார், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மை படிந்த அதே பனியன். கையில் ஸ்டிக், நாங்கள் எழுத்துகளை வரிசையாக அடுக்கும் இரும்புத் தட்டு. தண்ணீருக்குள் கையை விட்டு ஒவ்வோர் எழுத்தாக எடுத்து அதில் வைக்கிறார். நான் கரையில் நிற்கிறேன், கூப்பிட வேண்டும். புருஷன் பெயரை வாயால் சொல்லலாமா? சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். "ஏங்க" என்கிறேன். உலகத்தில் பாதிப் பேர் 'ஏங்க'தானே? அவர் எப்படித் திரும்புவார்? விழித்துக்கொள்வேன்.

அன்றைக்கு வாத்தியார் புரூப் பார்க்க வந்திருந்தார். வேறு யாருக்கோ கேட்பது போலக் கேட்டேன். "வாத்தியாரய்யா, ஒருத்தர் தண்ணில முதுகு காட்டி நின்னுட்டே இருந்தா என்ன பலன்?"

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். என் வீட்டுக்காரர் சயாம் போனது ஊருக்கே தெரியும். "இருக்கும்மா. பழைய ஏடு ஒண்ணுல பார்த்திருக்கேன். விட்டுப்போச்சு. யோசிச்சு எழுதித் தர்றேன்" என்றார். மறுநாள் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தார். 'நீரில் நிற்பவர் முதுகு காட்டினால் வழி பார்த்து நிற்கிறார், வீடு திரும்புவார் [12].' கடைசிப் பக்கத்திலும் ஒரு வரி கூடியது. 12: பழைய ஏடு, பெயர் சிதைந்தது.

அந்த வரியை நான்தான் கோர்த்தேன். கோர்க்கும்போது விரலெல்லாம் சூடாக இருந்தது. வீடு திரும்புவார். ஏட்டில் இருக்கிறது.

புத்தகம் வெளிவந்தது. கூலிமில் விற்றது, செர்டாங்கில் விற்றது. எழுத்தே தெரியாத ஆட்கள்கூட வந்து வாங்கினார்கள். ராவுத்தருக்குத் தலைகால் புரியவில்லை. தமிழன் இவ்வளவு படிக்கிறானா என்று பெருமைப்பட்டார். காரணம் காளியம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

காளியம்மா முன்பு பால்மரம் வெட்டியவள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவள். தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய கூலி வீடுகளில், குடியிருப்பு. அங்கே வேலை நின்றதும் எங்கள் அச்சக வாசலில் அவித்த ஊபி விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் உள்ளே எட்டிப் பார்த்து, "ஏ புள்ள குணவதி, அந்த நம்பர் புஸ்தகத்துல எனக்கு ஒண்ணு எடுத்து வையி. எங்க லயத்துல எல்லாரும் வாங்கிட்டாங்க" என்றாள்.

"நம்பர் புஸ்தகமா?"

"அதான், கனாவுக்கு நம்பர் போட்டிருக்கே. பாம்புக்கு மூணு, சோத்துக்கு அஞ்சு. நேத்து கொட்டாயில அஞ்சு விழுந்துச்சு. சோத்துக் கனா காணாதவ எவ இருக்கா? லயமே ஜெயிச்சிடுச்சு!"

ஜப்பான்காரன் காலத்தில் அரிசிக்குத்தான் வழியில்லை, சூதாட்டத்துக்கு லைசென்ஸ் இருந்தது. கடைத்தெருவுக்குப் பின்னால் சீனர்கள் நடத்திய கொட்டகையில் சாப் ஜி கீ என்று ஓர் ஆட்டம். ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்கள், ஏதாவது ஒன்றின் மேல் பணம் வைக்க வேண்டும், மத்தியானம் தாண்டி ஒரு எண்ணைத் திறப்பார்கள். எங்கள் ஆட்கள் முன்பெல்லாம் கனவைப் பார்த்து எண்ணை ஊகிப்பார்கள், ஒருவர் ஊகம் இன்னொருவருக்கு ஒத்து வராது, சண்டை நடக்கும். இப்போது படித்த வாத்தியாரே ஒவ்வொரு கனவுக்கும் எண்ணை அச்சுப்போட்டுக் கொடுத்துவிட்டார் என்று கொண்டாடுகிறார்கள். அதுவும் சரியாகப் பன்னிரண்டு.

வாத்தியாருக்கு விஷயம் எட்டியதும் மூக்கு நுனி சிவந்துபோயிற்று. நேரே சந்தை கூடும் பாசாருக்குப் போய், ஒரு வெங்காயப் பெட்டி மேல் ஏறி நின்று விளக்கம் சொன்னார். அது ஆட்டத்து நம்பர் இல்லை, பின்னால் இருக்கும் புத்தகத்தின் நம்பர் என்றார். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். முடிந்ததும் காளியம்மா, "வாத்தியாரய்யா, முன்னாலயும் அஞ்சு, பின்னாலயும் அஞ்சு, ரெண்டும் ஒத்துத்தானே வருது?" என்றாள். கூட்டம் தலையாட்டியது. வாத்தியார் பெட்டியை விட்டு இறங்கி யாரையும் பார்க்காமல் போனார்.

நான் சிரித்தேன். ஆனால் என் விஷயம் வேறு. அந்த எண்கள் என்ன என்று எனக்குத் தெரியாதா? நான் கோர்த்தவை. நான் ஒரு நாளும் ஆட்டத்தில் பணம் வைத்ததில்லை. இருந்தாலும் மத்தியானம் தாண்டினால் காது தானாகத் தெருப்பக்கம் போய்விடும். பன்னிரண்டு விழுந்தது என்று யாராவது சொல்லிக்கொண்டு போனால் அன்றைக்கு எனக்கு ஊபிகூட இனிக்கும். நாலோ ஏழோ விழுந்தால், அவருக்குக் காய்ச்சலோ, லாரி கவிழ்ந்ததோ என்று மனசு எங்கெங்கோ போகும். புத்தி ஒன்று சொல்லும், நெஞ்சு வேறொன்று கேட்கும். வெறும் புத்தகத்து எண்ணடி அது என்று எனக்கே எத்தனை தடவை சொல்லிக்கொண்டேன்!

பிரதிகள் தீர்ந்துபோய் இரண்டாம் பதிப்புப் பேச்சு வந்தது. வாத்தியார் ஒரே நிபந்தனை சொன்னார். "எண் இருக்கக் கூடாது. ஆனா சாட்சியும் போகக் கூடாது. வேற வழி சொல்லுங்க."

ராவுத்தர் தாடியைத் தடவினார். "நூத்தியொண்ணுலேருந்து ஆரம்பிச்சா? பன்னெண்டுக்குள்ள எதுவும் வராதே."

வாசலில் இருந்த காளியம்மாவைக் கூப்பிட்டு ஒரு துண்டில் [105] என்று அடித்துக் காட்டினோம். பார்த்த மாத்திரத்தில், "நூறு சாமிக்கு, மிச்சம் நமக்கு. அஞ்சு" என்றாள்.

எண்ணே வேண்டாம், அ, ஆ, இ என்று போடலாமே என்றேன் நான். காளியம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் வரிசையாகச் சொல்லச் சொல்லி விரல் மடக்கினாள். ஔ வந்தபோது முகம் மலர்ந்துவிட்டது. "பன்னெண்டு! அடி ஆத்தே, அளந்து வச்ச மாதிரில்ல இருக்கு!" வாத்தியார் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பூக்குறி, நட்சத்திரக்குறி என்று ராவுத்தர் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார். ஒரு பூ, இரண்டு பூ என்று அவள் எண்ண ஆரம்பித்ததும் அதையும் விட்டார்.

கடைசியில் வாத்தியாருக்கே தோன்றியது. எண்ணுக்குப் பதில் அடைப்புக்குள் பெயரையே போட்டுவிடுவது. எழுதியவர்கள் பெயர் பாதிக்கு மேல் அவருக்கு மறந்துவிட்டது, அச்சான ஊர் மட்டும் நினைவிருந்தது. 'பாம்பு துரத்தக் கண்டால் பகை விலகும் [நாகை].' 'சோறு உண்ணக் கண்டால் நற்செய்தி வரும் [காரைக்கால்].' கடைசிப் பக்கத்திலும் அதே பெயர்கள். காளியம்மாவிடம் வாசித்துக் காட்டினோம். விழித்தாள். "இதுல எங்க லா நம்பர்?" என்று எரிச்சலோடு போய்விட்டாள். வாத்தியார் அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தார்.

அவர் பெயர் சொல்லச் சொல்ல நான் கோர்த்துக்கொண்டே வந்தேன். நாகை, காரைக்கால், பினாங்கு, மதுரை. பதினொன்று முடிந்தது.

"பன்னெண்டுக்கு எந்த ஊர் வாத்தியாரய்யா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். "அதை விட்டுடும்மா."

"எப்படி விடறது? பலன் உள்ள இருக்கே. ஏட்டுல பேர் சிதைஞ்சிருந்தாலும் யாருகிட்ட பார்த்தீங்க, எந்த ஊர்ல பார்த்தீங்க, அதைச் சொல்லுங்க."

கண்ணாடி இன்னும் அவர் கையில்தான் இருந்தது. மெஷினை மிதித்துக்கொண்டிருந்த ராவுத்தர் காலை எடுத்தார். சத்தம் நின்றதும் எனக்குப் புரிந்துவிட்டது.

"ஏடே இல்லையா?"

"எண்ணா இருந்தப்போ ஒளிஞ்சுக்க முடிஞ்சுது" என்றார் வாத்தியார், தரையைப் பார்த்துக்கொண்டு. "பேர் கேட்டா நான் எங்க போவேன்? நீ கேட்ட அன்னைக்கு உன் முகத்தைப் பார்த்தேன்மா. இல்லேன்னு சொல்ல வாய் வரல. பதினொண்ணைப் பன்னெண்டாக்கினது நான்தான். அதனாலதான் ஆட்டத்தோட பொருந்திப்போச்சு. எனக்கு வேணும்."

கையிலிருந்த ஸ்டிக்கை ஓங்கி மேசையில் வைத்தேன். கோர்த்த வரி சிதறி எழுத்துகள் தரையில் ஓடின. "சாட்சி இல்லாம எழுதுறவன் திருடன்னு சொன்னது யாரு?" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன். வயசில் பெரியவர், அதையெல்லாம் நான் பார்க்கவில்லை. அவர் மேல் எனக்கு அப்போது இருந்தது வெறுப்பேதான். பன்னிரண்டு விழுந்த நாட்களில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

வீட்டுக்குப் போய்ப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. தூக்கமும் வந்தது, ஆறும் வந்தது. வெள்ளைத் தண்ணீர், அதே முதுகு. ஏட்டில் இல்லாத முதுகு. இத்தனை நாள் வழி பார்த்து நின்றவர் இப்போது வெறுமனே நின்றார்.

தேடிக்கொண்டு வந்தவள் காளியம்மாதான். என் மேல் உள்ள பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். புதுப் புத்தகத்தில் எண் இல்லாவிட்டாலும் பன்னிரண்டு பெயராவது இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு, அது தாமதமாகிறது, அவளுக்குக் கையும் காலும் ஓடவில்லை. ராவுத்தர் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். ஊபியை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள். "பன்னெண்டை எடுக்கப் போறாங்களாமே?"

"அது பொய்க்கா. அப்படி ஒரு ஏடே கிடையாது."

"மத்த புஸ்தகம் மட்டும் எங்க இருக்கு? கறையான் வயித்துல."

"அதெல்லாம் ஒரு காலத்துல இருந்துச்சு. இது இருக்கவே இல்ல. வாத்தியாரு எனக்காக இட்டுக்கட்டினது."

காளியம்மா ஊபியைப் பிட்டு என் கையில் திணித்தாள். "சரி, கனா யாருது?"

"என்னுது."

"வந்து நின்னது?"

"அவருதான்."

"அப்பறம் நடுவுல வாத்தியாருக்கு என்ன வேலை லா? தின்னுட்டு எந்திரி. எனக்குப் பன்னெண்டு வேணும்."

அவளுக்கு வேண்டியது அவள் எண். அதைக் கேட்க வந்தவள் எனக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஊபியைத் தின்றேன். முகத்தைக் கழுவிக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன்.

வாத்தியார் அங்கேயே முக்காலியில் உட்கார்ந்திருந்தார், பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு உட்காரவைத்த பிள்ளை மாதிரி. தரையில் சிதறிய எழுத்துகளை அவர்தான் பொறுக்கி வைத்திருந்தார், எல்லாவற்றையும் தப்புத் தப்பான குழிகளில். அவற்றைச் சரிசெய்துவிட்டு ஸ்டிக்கை எடுத்தேன்.

முதலில் திறக்கும் சதுர அடைப்பு. அப்புறம் ப. அப்புறம் ர. ஞ் ஒதுக்குப்புறமான குழியில் இருக்கும், அடிக்கடி தேவைப்படாது, தூசியை ஊதி எடுத்தேன். சோவுக்கு மூன்று துண்டு வேண்டும், கொம்பு, ச, கால். கடைசியில் தி. வாயால் ஒரு தடவையும் சொல்லாத பெயர். அச்செழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறித்தான் இருக்கும். மாறி இருப்பதால் அது பெயரைச் சொன்ன கணக்கில் சேராது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

புரூப் எடுத்து வாத்தியாரிடம் நீட்டினேன். கடைசிப் பக்கத்தின் கடைசி வரி இப்படி இருந்தது.

[பரஞ்சோதி   ஏடு இல்லை. கனவில் நேரில் வந்து நின்றவர்.

வாத்தியார் அந்த வரியை விரலால் தொட்டு வாசித்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காகிதத்தில் விழுந்தது. இருந்தாலும் அவர் வாத்தியார் அல்லவா, புரூப் திருத்தாமல் இருக்க முடியுமா? மெல்ல, "அடைப்பை மூடலையேம்மா" என்றார்.

"தெரியும்" என்றேன். "அவரு வந்து மூடட்டும்."

ராவுத்தர் மை டின்னை எடுத்தார். வேண்டிய மையை எடுத்துக்கொண்டு, மூடியை இரண்டு கையாலும் அழுத்தி இறுக்கி மூடினார்.

மூடும் அடைப்புக்குறி ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். புத்தகம் அடித்து முடிந்ததும் மற்றப் பக்கங்களையெல்லாம் கலைத்து எழுத்துகளைக் குழிகளில் திரும்பப் போட்டோம். கடைசிப் பக்கத்தை மட்டும் கலைக்க நான் விடவில்லை. சுற்றிலும் நூல் கட்டிப் பலகை மேல் வைத்துவிட்டேன். எழுத்து இப்படி முடங்கிக் கிடந்தால் கல்யாணப் பத்திரிகைக்கு எங்கே போவது என்று ராவுத்தர் முணுமுணுத்துக்கொண்டே, அதன் மேல் தூசி விழாமல் ஒரு துணியைப் போர்த்தினார்.

வாத்தியாரின் வெற்றி நிலைக்கவில்லை. எழுத்துத் தெரிந்த யாரோ லயத்தில் பெயர்களின் எழுத்துகளை எண்ண ஆரம்பித்துவிட்டான். நாகைக்கு இரண்டு, பினாங்குக்கு நாலு, பரஞ்சோதிக்கு ஐந்து. காளியம்மா பன்னிரண்டை ஒரே நாளில் மறந்துவிட்டு ஐந்துக்குத் தாவினாள். ஆனால் அவர்கள் இப்போது எண்ணைச் சொல்லவில்லை, பெயரைத்தான் சொன்னார்கள். "இன்னைக்கு யாரு மேல?" "பரஞ்சோதி மேல." "நேத்தும் பரஞ்சோதிதானே?" "நேத்து வரல, அதுக்காக விட்டுடுவமா?" குழாயடியில், பாசாரில், லயத்து வாசலில், செர்டாங் போகிற பஸ்ஸில்கூட அவர் பெயர். பெண்டாட்டி சொன்னால் ஆயுசு குறையும் என்றால், ஊரே சொன்னால் கூடத்தானே வேண்டும்? அப்படித்தான் நான் வைத்துக்கொண்டேன்.

கனவிலும் அது கேட்டது. ஆற்றின் கரை நெடுக லயத்துச் சனங்கள், கையில் ஊபியோடு காளியம்மா, வெங்காயப் பெட்டி மேல் வாத்தியார். எல்லோரும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். வெள்ளைத் தண்ணீரில் அவர் கை நின்றது. எங்கிருந்து கூப்பிடுகிறார்கள் என்று கேட்பது போலத் தலையைக் கொஞ்சம் சாய்த்தார். அவ்வளவுதான். விழித்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் பதிப்புப் போட்டபோது ஜப்பான்காரன் போய்விட்டான். கெடாவும் சயாமாக இல்லை. சயாமுக்குப் போனவர்களில் பிழைத்தவர்களை லாரிகள் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தன. வாத்தியாருக்குப் பள்ளிக்கூடம் திரும்பக் கிடைத்திருந்தது, அங்கிருந்து புரூப் பார்க்க வந்தார். கடைசிப் பக்கத்தை மறுபடி கோர்க்கவில்லை. துணியை விலக்கி, நூல் கட்டி வைத்திருந்ததை அப்படியே மெஷினுக்குக் கொண்டுபோனோம். முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த மூடும் குறியை எடுத்துக் கொடுத்தேன்.

உங்கள் வீட்டில் மூன்றாம் பதிப்பு இருந்தால் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். [பரஞ்சோதி] என்று அடைப்பு மூடியிருக்கும். மூடும் குறி மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அதை வைத்தது என் கை இல்லை, சயாமிலிருந்து லாரியில் வந்து இறங்கிய கை. காய்ச்சலில் வந்த நடுக்கம், போக நாளாகும் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் சொல்லியிருந்தார். நிமிர்த்தி வைக்கட்டுமா என்று ராவுத்தர் கேட்டார். யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.